இறுக்கிக் கட்டுகிறவர்

அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க எங்கள் லைன் வீட்டில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அது அவர் பெண்டாட்டி. மற்றவர்களெல்லாம் கத்தரிக்கோலைத் தேடுவோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சில வீடுகள். நான் மணவாள நகரிலிருந்து கல்யாணமாகி அங்கே வந்தபோது அடுத்த வீட்டில் அவர் இருந்தார். நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே கம்பி மில்லில் வேலை. அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டேன். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய துணிக்கொடி தொய்ந்து, புடவை முந்தானை மண்ணில் புரளும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும், கூடவே அண்ணன் நினைவும் வந்துவிடும்.

அவர் கட்டாத பொருளே கிடையாது. கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பார். குடத்து மூடியைக் குடத்தின் கழுத்தோடு கட்டியிருப்பார். டிபன் கேரியருக்குக் கொக்கி இருக்கிறதே, அது போதாதா? போதாது. அதன் மேலே சணல் கயிறு. தீபாவளிக்கு எங்களுக்கு அதிரசம் வரும். பையின் வாயை அவர் கட்டியிருந்தால் பையைக் கிழித்துத்தான் சாப்பிட வேண்டும். ஒரு வருஷம் நான் வீம்புக்குப் பல்லால் இழுத்துப் பார்த்து ஈறு புண்ணாகிப் போனது.

"இன்னாண்ணா, அதிரசம் குடுத்தீங்களா, பூட்டு போட்டுக் குடுத்தீங்களா?"

"எறும்பு ஏறாது இல்ல? அதுக்குத்தாம்மா."

"எறும்பு கெடக்கட்டும். நாங்களே உள்ள போவ முடியல."

அண்ணி சிரித்துக்கொண்டே வந்து பையை வாங்குவார். முடிச்சில் எந்த இடத்தை அழுத்த வேண்டும், எந்த நுனியை உள்ளே தள்ள வேண்டும் என்பது அண்ணியின் விரலுக்குத்தான் தெரியும். ஒரு நிமிஷம்கூட ஆகாது, பை திறந்துவிடும்.

அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வசவு 'லூசு'. நாமும்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறோம், கிறுக்கு என்ற அர்த்தத்தில். அவர் சொன்னால் கட்டு நிற்காத ஆள் என்று அர்த்தம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் லூசு. பஸ் நிற்பதற்குள் படியில் காலை வைக்கிறவன் லூசு. பால் பாக்கெட்டை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவள் லூசு. நானும் லூசுதான். ஏனென்றால் நான் தைக்கிற துணியில் மூச்சு விடக் கொஞ்சம் இடம் வைப்பேன்.

"இன்னாம்மா, பேன்ட்டு இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. இவ்ளோ லூசா தெச்சி வெச்சிருக்கியே."

"உக்காரணும், எழுந்துக்கணும், மூச்சு வுடணும் இல்லண்ணா?"

"மூச்சு எனக்கு மூக்குல வருது. இடுப்புல இன்னாத்துக்கு எடம்? புடிச்சித் தெச்சிக் குடு."

பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இந்த மனுஷனிடம் யார் வாதாடுவது!

மில்லில் அவர் வேலையே கட்டுவதுதான். உருட்டி வந்த கம்பிகள் ஆறியதும் அள்ளிச் சேர்த்து, கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் முறுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சேர்ந்த புதிதில் அண்ணன்தான் அவருக்கு அந்த முறுக்கைக் காட்டிக் கொடுத்தாராம். மற்றவர்கள் கட்டிய கட்டை கிரேன் தூக்கும்போது கம்பிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும், அண்ணன் கட்டியது சத்தமே போடாது என்பார். ரொம்ப காலத்துக்கு முன்பு யாரோ கட்டிய கட்டு மேலே போகும்போதே பிரிந்து விழுந்து, கீழே நின்ற ஒருவருக்குக் கால் போய்விட்டதாம். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் இவர் இப்படி ஆனார் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. சில பேர் பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறார்கள்.

அவருக்கு ஒரே மகள். அண்ணி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். அதனால் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது அண்ணன் பொறுப்பு. இரட்டைச் சடை அவர்தான் பின்னுவார். அவர் பின்னினால் அந்தப் பெண்ணின் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். எதையோ பார்த்து அதிசயப்பட்ட முகத்தோடேயே பள்ளிக்கூடம் போவாள். டீச்சர் ஒரு தடவை, "உனக்குத் தலை வலிக்காதா?" என்று கேட்டாராம். "வலிக்கும் மிஸ். ஆனா கலையாது" என்றாளாம். சாயங்காலம் அண்ணி வந்து ரிப்பனை அவிழ்க்கும்போது அவள் "அப்பாடா" என்று விடும் பெருமூச்சு என் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் பள்ளி முடிக்கும் வரை ஒரு நாள்கூட அவர் அந்தச் சடையைப் பின்னாமல் விட்டதில்லை. காலை ஷிப்டு போட்டால் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மாற்றிக்கொள்வார். காய்ச்சல் வந்த அன்றும் சுவரில் சாய்ந்துகொண்டு பின்னினார். தகப்பன் கையால் தலை வாரிக்கொண்டு வளர்ந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? எனக்கு அவளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவளைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். சீர் சாமானை வேனில் ஏற்றி அவரே கயிறு போட்டார். பெண் அழுகிறாள், அண்ணி அழுகிறார், சம்பந்தமில்லாத நான் அழுகிறேன். இவர் டயர் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சே, இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் மகள் போன் பண்ணினாள்.

"நைனா, பீரோவ இன்னும் எறக்க முடியல. மாமா கத்தி எடுத்துகினு வந்துட்டாரு."

"அறுக்க வேணான்னு சொல்லு. கயிறு புதுசு. நான் வரேன்."

அண்ணியையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டார். கயிற்றை அவிழ்த்தது அண்ணிதான். இவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தாராம். "அவருக்குப் பொண்ணப் பாக்கணும். அத வாயத் தொறந்து சொல்ல வரல, அதான் அப்படிக் கட்டி அனுப்பிக்கிறாரு" என்று அண்ணி என்னிடம் சொன்னார். அன்றைக்கு என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வாயைத் திறந்து சொல்லாதது அது ஒன்று மட்டும் இல்லை. சட்டைக்குள் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றியிருப்பார். பாரம் தூக்குகிறவர்கள் முதுகு பிடிக்காமல் இருக்க அப்படிச் சுற்றுவது உண்டு, அதனால் யாரும் கேட்கவில்லை. அவருக்கு அடிவயிற்றில் குடல் இறங்கிப் புடைத்திருந்தது. அதைத் துண்டால் உள்ளே அமுக்கிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இரும்பு தூக்கியிருக்கிறார். டாக்டரிடம் காட்டினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாள் மத்தியானம் மில்லிலேயே வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார். இறங்கிய குடல் நெரிபட்டு, ரத்தம் ஓடாமல் கறுத்துப் போயிருந்தது. சென்னைக்குக் கொண்டுபோய், வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன குடலை வெட்டியெடுத்துத் தைத்தார்கள்.

ஆபரேஷனுக்காக எடுத்த சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அவர் இதயம் பலவீனமாக இருந்தது. எப்போதோ ஒரு முறை மாரடைப்பு வந்து போயிருக்கிறது, அதில் ஒரு பக்கம் சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். அவர் கண் விழித்ததும் அண்ணி கேட்டார், எப்போது வந்தது என்று.

"போன வருஷம் ஒரு நாளு நெஞ்சப் புடிச்சிச்சு. கேஸுன்னு நெனச்சி சோடா குட்ச்சேன். உட்டுப் போச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ ஊரக் கூட்டுவ."

அண்ணி போர்வையை இழுத்து அவர் காலை மூடினார். ஆஸ்பத்திரியில் வைத்து எப்படிச் சண்டை போடுவது?

நான் பார்க்கப் போயிருந்தபோது அவர் இரண்டு கால்களிலும் முட்டி வரை இறுக்கமான வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். பெரிய ஆபரேஷன் முடிந்து அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும், அது வராமல் இருக்கத்தான் இந்த உறை என்று நர்ஸ் சொன்னார். அண்ணன் போர்வையை விலக்கி அதை எனக்குக் காட்டினார். முகத்தில் அத்தனை பெருமை.

"பாத்தியாம்மா? படிச்சவங்களே இறுக்கித்தான் கட்றாங்க. நீதான் லூசு."

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் உறையைக் கழற்றிவிட்டார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் கணுக்கால், அப்புறம் கெண்டைக்கால். விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி நிரம்ப நேரமெடுக்கும். இப்படி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இதயத்துக்கு வலு இல்லாததால் கீழே போன ரத்தம் மேலே திரும்பத் தாமதமாகும். ஆபரேஷன் சமயத்தில் ஏற்றிய குளுக்கோஸ் தண்ணீரும் உடம்பில் நிற்கும். மாத்திரை போட்டால் அது சிறுநீராகப் போகும். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளவாகக் குடிக்க வேண்டும். அண்ணி குழம்பில் உப்பைக் குறைத்தார். வாயில் வைக்க முடியாத அந்தக் குழம்பை அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

மாத்திரைதான் பேஜாரு. எங்கள் லைன் வீட்டுக்கெல்லாம் பொதுவாகக் கோடியில் இருந்தது கக்கூஸ். காலையில் அதன் முன்னால் வரிசை நிற்கும். மாத்திரையைப் போட்டால் உட்கார்ந்த இடத்தில் உட்கார விடாது, ஓட வேண்டும். வரிசையில் பெண்கள் நிற்கும்போது அங்கே போய்த் தவித்துக்கொண்டு நிற்க அவருக்கு வெட்கம். அதனால் ஒரு நாள் போடுவார், ஒரு நாள் விடுவார். அதையும் யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய கவலையெல்லாம் ஷூவைப் பற்றித்தான். மில்லில் முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த ஷூ போடாமல் யாரையும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். கான்ட்ராக்டர் அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிட்டு, சீக்கிரம் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அந்த ஆளே இருந்துவிடுவான் என்று சொல்லியனுப்பியிருந்தார். பாரம் தூக்க வேண்டாம், புதிய ஆட்கள் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும் என்பதுவரை என் வீட்டுக்காரர் பேசி வைத்திருந்தார். ஆனால் உள்ளே போக வேண்டுமே. தினமும் காலையில் அண்ணன் ஷூவை எடுத்து வைத்துக் காலை நுழைத்துப் பார்ப்பார். பாதி பாதம்கூடப் போகாது. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் காலைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பெரிய சைஸு ஒண்ணு வாங்கிக்கலாம் இல்லண்ணா?"

"லூசான ஷூவப் போட்டுகினு இரும்பு நடுவுல நடக்கறதா? இன்னாம்மா நீ."

அண்ணியின் பழைய நூல் புடவையைக் கையகலத்துக்குக் கிழித்தார். பாதத்தில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும், ஒரு சுற்றின் மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த சுற்று, இடையிடையே முடிச்சு. இரண்டு கால்களுக்கும் கட்டினார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. தலைவலி வந்தால் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டுகிறோம். பிள்ளை பெற்றவளின் வயிற்றைப் புடவையால் சுற்றிக் கட்டுகிறோம். முட்டி வலித்தால் முட்டிக்குக் கட்டு. வீங்கிய காலைக் கட்டினால் என்ன? ஆஸ்பத்திரியிலேயே கட்டினார்களே!

கால் வற்றியது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வற்றியது. கட்டை மாற்றிக் கட்டும்போது பார்த்தால் கணுக்கால் எலும்பு தெரிந்தது. ஒரு காலையில் ஷூ உள்ளே போய்விட்டது. லேஸை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா, போச்சா இல்லியா?"

"போச்சிண்ணா. மாப்ள மாதிரி இருக்கீங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை மில்லுக்கு வருவதாகக் கான்ட்ராக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. படுத்தால் அதிகமாக வருகிறது என்று தலையணை மேல் தலையணை அடுக்கினார். பிறகு சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். தொழிற்பேட்டைப் புகையில் இருமாத ஆள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அண்ணி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். கால்தான் சரியாகிவிட்டதே என்று எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலை ஷூ மாட்டிக்கொண்டு, நாஷ்டா முடித்து, டிபன் கேரியருக்குக் கயிறு கட்ட உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அண்ணி போட்ட கூச்சலில் நான் ஓடிப்போனேன். கழுத்தெல்லாம் வியர்வை, உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து காற்றை அள்ளுகிறார், காற்று போகவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் வந்தது. "ஜன்னலத் தொற, ஜன்னலத் தொற" என்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

ஆட்டோவில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டியில் ஒரு பெண் டாக்டர். உட்கார வைத்தபடியே முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார், ஊசி போட்டார். ஷூவைக் கழற்றி, பேன்ட்டை மேலே ஏற்றிப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"என்னம்மா இது?"

"வீக்கத்துக்குக் கட்டினாருங்க."

"மொதல்ல எல்லாத்தையும் அவுருங்க. ரெண்டு காலையும் கீழ தொங்கப் போடுங்க."

நர்ஸ் முயன்று பார்த்தார். முடிச்சு அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். துணிக்கும் தோலுக்கும் நடுவே அது நுழைய இடமில்லை. அண்ணி நர்ஸைக் கையால் விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு, அதற்கடுத்தது. துணி விலக விலக, காலில் வரி வரியாகத் தடம் தெரிந்தது. நான் பாதத்தைத் தாங்கிப் பிடித்தேன். விரல்கள் வெளுத்து, ஐஸ் போல் சில்லென்று இருந்தன.

"பாவி மனுஷா, எதையெல்லாமோ இறுக்கின. கடசில உன்னையே இறுக்கிக்கினியே" என்று அண்ணி சொல்லிக்கொண்டே அவிழ்த்தார். அவருக்கு அது கேட்டிருக்கும். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூச்சு ஒரு மாதிரி நிலைக்கு வந்த பிறகு டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"அவரோட இதயத்தால எல்லா ரத்தத்தையும் தள்ள முடியலம்மா. தெருவுல மழத் தண்ணி வடியாம தேங்குது இல்ல, அப்படித்தான் கால்ல தேங்குச்சு. அதக் கட்டிப் பிழிஞ்சா எங்க போகும்? மேலதான் வரும். ஏற்கெனவே திணறிட்டிருக்கற இதயத்து மேல மொத்தமா வந்து விழுந்துச்சு. அதால முடியாம நுரையீரல்ல தேங்கிடுச்சு. வீக்கம் வத்தல, எடம் மாறிடுச்சு."

"பெரியாஸ்பத்திரியிலயே கட்டினாங்களே மேடம்?" என்று நான் கேட்டேன்.

"அது படுக்கையில இருந்தப்போ ரத்தம் உறையாம இருக்க, அளவு பாத்துப் போடறது. இது நீர் கோத்த வீக்கம், மாத்திரையாலதான் போகணும். மாத்திரைய ஒழுங்கா போடறாரா?"

"மாத்திர மிச்சம் மிச்சமா கெடந்துதே" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. விரலெல்லாம் எப்படி சில்லுன்னு இருந்துச்சு, பாத்தீங்க இல்ல? இப்படி நெரிச்சா விரலே கறுத்துப் போயிடும். இனிமே எதையும் இறுக்கிக் கட்டாதீங்க. ரத்தம் ஓடணும்."

அண்ணன் பிழைத்தார். மில்லுக்குத் திரும்பப் போகவில்லை. அந்த ஷூவை அவரே துடைத்து, என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, உனக்குச் சரியாக இருந்தால் போட்டுக்கொள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்ததென்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கிட்ட இருந்தார். அந்த இரண்டு வருஷமும் அண்ணியின் ராஜ்ஜியம்தான். டாக்டர் சொன்னதில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் கடைசி வார்த்தை மட்டும் அண்ணிக்கு மறக்கவில்லை. கையில் வாட்ச் கட்டினால், "கழட்டுங்க, ரத்தம் ஓடணும்." காலை மடக்கி உட்கார்ந்தால், "நீட்டுங்க, ரத்தம் ஓடணும்." லுங்கி முடிச்சை விரல் விட்டுச் சோதிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்றெல்லாம் பார்ப்பதில்லை. எனக்கு நாடா வைத்த அரைக்கால் சட்டை தைக்க உத்தரவு வந்தது. அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"இப்ப திருப்தியாம்மா உனக்கு? காத்து வாங்குது."

"மூச்சு வுடுங்கண்ணா, நல்லா மூச்சு வுடுங்க."

கக்கூஸ் வரிசைச் சங்கதியை நான்தான் தீர்த்தேன். ஒரு நாள் காலை எல்லாரும் நிற்கும்போது சத்தம் போட்டேன். "அண்ணன் வந்தா வழி வுடணும். மாத்திர போட்டுகினு கீறாரு. இதுல வெக்கப்பட இன்னா இருக்குது? நம்ப யாருக்கும் வராதா?" என்றேன். வரிசை விலகி வழி விட்டது. அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஆனால் போனார், தினமும் மாத்திரை போட்டார்.

மகள் வந்து தங்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு அவரும் வந்தார். பஸ் நகர்ந்ததும் பொசுக்கென்று அழுதுவிட்டார். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"லூசாயிட்டேம்மா."

எனக்கு அந்த மனுஷனை அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

அவர் உயிர் போனது ஒரு முற்பகலில்தான். இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், தூங்குகிறார் என்றுதான் அண்ணி நினைத்தார். மூச்சுத் திணறவில்லை, இருமவில்லை. நான் போனபோது மடியில் இரண்டு கைகளும் தளர்ந்து கிடந்தன. தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சூடு இருந்தது.

மில்லிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். குளிப்பாட்டி, கூடத்தில் கிடத்தினார்கள். செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டுமே. தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டியாயிற்று. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட என் வீட்டுக்காரர் காலடியில் உட்கார்ந்தார். வெள்ளைத் துணியைக் கிழித்து, விரல்களைச் சுற்றி, வழக்கமாக மில்லில் செய்கிற மாதிரியே ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தார். அவருக்கு வேறு மாதிரி கட்டத் தெரியாது.

தலைமாட்டில் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த அண்ணி சடக்கென்று நிமிர்ந்தார். மகளை விலக்கிவிட்டுக் கால்பக்கம் வந்தார்.

"இறுக்காத தம்பி. அவருக்கு ரத்தம் ஓடணும்."

என் வீட்டுக்காரர் கட்டியதை அவிழ்த்து, மறுபடி லூசாகக் கட்டினார்.